பாட்டும் ஒரு ஜாப் ஒர்க்: கவிஞர் வரிசைகளுக்கு எதிராகச் சில குறிப்புகள்

1

'கவியரசரா, மக்கள் கவிஞரா?' – நம் பட்டிமன்றங்களுக்குப் பல காலமாகச் சோறு போட்டுவரும் தலைப்பு இது. கண்ணதாசன் ஒருபுறம், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் மறுபுறம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இந்த விவாதம் மேடையோடு நின்றதில்லை. தொழிற்பேட்டை டீக்கடைகளில், ஆவடி மின்சார ரயிலில், பொங்கல் விழாவுக்குக் கட்டிய மைக் செட்டுக்குக் கீழே, சில சமயம் சட்டையைப் பிடித்துக்கொள்கிற அளவுக்குக்கூட நடந்திருக்கிறது. "சினிமா பாட்டுக்குப் போயி இவ்ளோ அலட்டலா?" என்று கேட்கிற இலக்கிய நண்பர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. யார் பெரிய பாட்டுக்காரர் என்ற கேள்விக்குள், யாருடைய வாழ்க்கை மொழியாக மதிக்கப்படும் என்ற கேள்வி இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வியை நாம் கேட்டுவரும் விதம், பாட்டு எழுதுவது ஒரு உழைப்பு என்ற எளிய உண்மையை மறைத்துவிடுகிறது. உழைப்பாளிகள் நிறைந்த இந்த வட்டாரத்திலேயே அது மறைந்துபோனது எப்படி என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில் இந்த மண்ணைப் பற்றிக் கொஞ்சம். 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் போட்டது. 1965-இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அதற்கு முந்தைய வருஷம் அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்தது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்கள் பதினைந்தே வருஷத்தில் சங்கு ஊதினால் எழுந்திருக்கிற ஊர்களாயின. தஞ்சாவூர்ப் பக்கமிருந்தும் வடஆற்காட்டிலிருந்தும் தெற்கத்திச் சீமையிலிருந்தும் ஆட்கள் வந்து லைன் வீடுகளில் குடியேறினார்கள். ஆளுக்கொரு வட்டார வழக்கு, ஆளுக்கொரு குலதெய்வம். எல்லோருக்கும் பொதுவாக இருந்தது ரேடியோ. இலங்கை வானொலியும் விவித்பாரதியும்தான் இந்தக் குடியிருப்புகளின் முதல் பொதுமொழி எனலாம்.

2

பட்டுக்கோட்டையின் பாட்டு சினிமாவுக்குள் வந்ததும் இதே காலகட்டத்தில்தான். செங்கப்படுத்தான்காட்டில் 1930-இல் பிறந்து, தஞ்சை விவசாய இயக்கத்தோடு நெருங்கி, பாரதிதாசனிடம் இருந்து, 'ஜனசக்தி'யில் எழுதி, ஐம்பதுகளின் நடுவில் சினிமாவுக்கு வந்தவர் அவர். 1959 அக்டோபரில் 29 வயதில் போய்ச் சேர்ந்தார். எழுதிய சினிமாப் பாட்டுகள் சில நூறைத் தாண்டாது. கண்ணதாசனோ 1949-இல் 'கன்னியின் காதலி'யில் தொடங்கி 1981-இல் சிகாகோவில் கண்ணை மூடும்வரை ஆயிரக்கணக்கில் எழுதினார். திராவிட இயக்கம், தமிழ்த் தேசியக் கட்சி, காங்கிரஸ் என்று கட்சி மாறினார். நாத்திகம் பேசி, பிறகு 'அர்த்தமுள்ள இந்துமதம்' எழுதினார். தன் தடுமாற்றங்களை 'வனவாச'த்தில் தானே எழுதி வைத்தார்.

இந்த இரண்டு வாழ்க்கைகளையும் எதிரெதிரே நிறுத்துவது சுலபம். போராட்டம் / தத்துவம், வர்க்கம் / விதி, செங்கொடி / காவி. இடதுசாரி மேடைகள் முதல் பாதியைக் கொண்டாடின, மற்றவர்கள் இரண்டாவதை. இந்த எதிர்வு ஒரு கட்டமைப்பு என்பதைக் காட்ட அதிக தூரம் போகவேண்டியதில்லை. 1959-இல் வந்த 'கல்யாணப் பரிசு' படத்தின் பாட்டுகள் எல்லாமே பட்டுக்கோட்டை எழுதியவை. காதல், ஏக்கம், இழப்பு. நம் வாயில் கூசாமல் வரும் 'மக்கள் கவிஞர்' என்ற சொல்லில் இந்தப் பாட்டுகளுக்கு எங்கே இடம்? மக்கள் காதலிக்க மாட்டார்களா? கேட் மீட்டிங்கில் பட்டுக்கோட்டையைப் பாடிய அதே தொழிலாளி, வீட்டில் பெண் கல்யாணத்துக்குக் கண்ணதாசனைப் போட்டான், சாவு வீட்டிலும் கண்ணதாசனைத்தான் போட்டான். அவனைப் பொறுத்தவரை அது முரண்பாடே இல்லை. முரண்பாடு மேடையில் நின்ற நமக்குத்தான் தேவைப்பட்டது.

இன்னொன்றும் உண்டு. 1958-இல் வெளிவந்த 'நாடோடி மன்னன்' படத்தில் பட்டுக்கோட்டை பாட்டெழுதினார். அதே படத்துக்கு ரவீந்தரோடு சேர்ந்து வசனம் எழுதியவர் கண்ணதாசன். இருவரும் ஒரே முதலாளியிடம் ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர்கள். அந்தப் படத்தில் சுரதாவும் என்.எம். முத்துக்கூத்தனும்கூடப் பாட்டெழுதினார்கள். முத்துக்கூத்தன் பெயரை இன்று எத்தனை பட்டிமன்றக்காரர்கள் சொல்வார்கள்?

3

வரிசைகள் எப்படி உருவாகின்றன? பட்டங்களைப் பாருங்கள். கவியரசு, கவிப்பேரரசு, திரைக்கவித் திலகம், பகுத்தறிவுக் கவிராயர். மன்னராட்சி போய் எத்தனையோ காலமாகிவிட்டது, ஆனால் நம் கவிஞர்கள் இன்னும் அரசும் பேரரசும்தான். 'அரசவைக் கவிஞர்' என்றே ஒரு பதவி. சென்னை மாகாண அரசு அதை 1949-இல் நாமக்கல் இராமலிங்கம் பிள்ளைக்குக் கொடுத்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் கண்ணதாசனுக்குக் கிடைத்தது. குடியரசில் அவை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. தேசிய விருதில் பாடலாசிரியருக்கென்று ஒரு பிரிவு தொடங்கியபோது, 1968-ஆம் ஆண்டுப் படங்களுக்கான முதல் விருது 'குழந்தைக்காக' படத்துக்கு எழுதிய கண்ணதாசனுக்குப் போனது. பிறகு வைரமுத்து ஏழு முறை வாங்கினார். உடனே விருதின் எண்ணிக்கையும் ஒரு அளவுகோலாகிவிட்டது.

'மக்கள் கவிஞர்' இந்த அரச வரிசைக்கு எதிரான பட்டம்போலத் தோன்றும். ஆனால் அந்த மக்கள் குரல் யாருடைய உடம்பில் ஏறி வந்தது என்று பார்க்கவேண்டும். எம்.ஜி.ஆர். தன் முதல்வர் நாற்காலியின் கால்களில் ஒன்று பட்டுக்கோட்டையின் பாட்டு என்று சொன்னதாகச் சொல்வார்கள். பாராட்டுத்தான், சந்தேகமில்லை. ஆனால் அதைத் திருப்பிப் போட்டுப் படித்தால், உழைப்பவன் பேச்சு நாயகனின் பேச்சாகி, நாயகனின் பேச்சு ஓட்டாகி, ஓட்டு நாற்காலியான கதை தெரியும். அந்தச் சுற்றில் பாட்டுக்காரருக்குக் கிடைத்தது நாற்காலியின் கால் என்ற இடம். உட்காருகிற இடம் இல்லை.

இந்த இரட்டை வரிசையில் வாலிக்கு எப்போதும் மூன்றாம் இடம். ஏன்? ஸ்ரீரங்கத்துப் பிராமணரான அவர், மீனவர் வாழ்க்கையைச் சொன்ன 'படகோட்டி' (1964) பாட்டுகளை எழுதினார். அந்தப் படத்துப் பாட்டு ஒன்றை "அடுத்து மக்கள் கவிஞர் பட்டுக்கோட்டையாரின் பாடல்" என்று அறிவித்துவிட்டுப் பாடிய மேடைகளை நானே இந்தப் பக்கம் கேட்டிருக்கிறேன். பட்டுக்கோட்டை இறந்து ஐந்து வருஷம் கழித்து வந்த படம் அது! 'கற்பகம்' (1963) பாட்டுகளைக் கண்ணதாசன் கணக்கில் எழுதுகிறவர்களும் உண்டு. இதை வெறும் ஞாபகப்பிசகு என்று விட்டுவிட முடியாது. போராட்டம் என்றால் பட்டுக்கோட்டை, தத்துவம் என்றால் கண்ணதாசன் என்று பெட்டிகள் முன்பே தயாராக இருக்கின்றன. பாட்டு எந்தப் பெட்டிக்குப் பொருந்துகிறதோ அந்தப் பெயர் அதன்மேல் ஒட்டப்படுகிறது. ஃபூக்கோ 'ஆசிரியன் என்ற செயற்பாடு' என்று சொன்னதை அம்பத்தூர் மைக் செட் செய்து காட்டிவிட்டது.

வாலி கீழே இறக்கப்பட்டதற்கு இன்னொரு காரணம், தான் செய்வது தொழில், மெட்டுக்கும் சூழலுக்கும் கூலிக்கும் எழுதுகிறேன் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னது. கவிஞன் கூலி வாங்கலாம், ஆனால் வாங்குவதாகச் சொல்லக்கூடாது. இதுதான் நம் வரிசைகளின் எழுதப்படாத விதி.

4

வரிசைக்குள்ளேயே வராதவர்கள் கதை வேறு. 1968-இல் வந்த 'குடியிருந்த கோயில்' படத்தில் ரோஷனாரா பேகம் எழுதிய பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. எத்தனை பேருக்கு அது ஒரு பெண் எழுதியது என்று தெரியும்? அதற்குப் பிறகு 'மின்னலே' (2001) மூலம் தாமரையின் பெயர் வீடுவீடாகப் போகும்வரை, பெண் பாடலாசிரியர் என்றால் விதிவிலக்குத்தான். இன்று அம்பத்தூர் தொழிற்பேட்டையின் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் தையல் மெஷின் ஓட்டுகிறவர்களில் ஏராளமானோர் பெண்கள். பட்டிமன்ற நடுவர் இவர்களை ஒருநாளும் கேட்டதில்லை.

ஆடி மாசம் பூந்தமல்லியிலிருந்து திருவேற்காடு போகிற வழியில் நின்று பாருங்கள். கருமாரியம்மன் கோயில் கூட்டம், கூழ் வார்ப்பு, தெருவுக்குத் தெரு குழாய் ஒலிபெருக்கி. எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் விடியற்காலை தொடங்கி நடுநிசிவரை. கண்ணதாசன், பட்டுக்கோட்டை எல்லோரையும்விட இந்த வட்டாரத்தில் அதிகம் ஒலித்த பாட்டுகள் இவையாகத்தான் இருக்கும். குரல் யாருடையது என்று குழந்தைக்கும் தெரியும். எழுதினது யாரு? "அம்மன் பாட்டுக்கு யாரு எழுதுவா, அது அம்மனே குடுத்ததுப்பா" என்றார் ஒரு பூசாரி. அழகான பதில். ஆனால் எழுதியவர் ரேஷன் கடையில் நின்ற மனிதர்தானே? 'பக்தி' என்ற பிரிவும் 'சினிமா' என்ற பிரிவும் பிரிந்த இடத்தில் இவர்கள் விழுந்து காணாமல்போனார்கள்.

5

இப்போது காசு விஷயத்துக்கு வருவோம். அறுபதுகளின் கடைசியில் ரோலன் பார்த் 'ஆசிரியனின் மரணம்' எழுதினார். தொண்ணூறுகளில் நம் பத்திரிகைகள் அதைப் பரவசத்தோடு பேசின. ஆனால் அதற்கு முன்பே, 1977-இல், நம் உச்சநீதிமன்றம் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்துவிட்டிருந்தது. பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் சேர்ந்து 1969-இல் அமைத்த ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்துக்கும் படத் தயாரிப்பாளர்களுக்கும் நடந்த வழக்கு அது. தயாரிப்பாளர் காசு கொடுத்துப் படத்துக்காக எழுதச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை பாட்டின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்று தீர்ப்பு வந்தது. பார்த் ஆசிரியனைக் கொன்றது வாசகனைப் பிறப்பிக்க. தீர்ப்பு அவனை ஒதுக்கியதில் பிறந்தது முதலாளியின் உரிமை.

2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் இருந்துகொண்டு இதற்காக வாதாடினார். பாட்டைத் தியேட்டருக்கு வெளியே எங்கே பயன்படுத்தினாலும் எழுதியவருக்கு ராயல்டியில் சமபங்கு உண்டு, அதை எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது என்று ஆயிற்று. பட்டுக்கோட்டைக்கு அது 53 வருஷம் தாமதம், கண்ணதாசனுக்கு 31. பட்டுக்கோட்டையின் எழுத்துகளைத் தமிழக அரசு 1993-இல் நாட்டுடைமை ஆக்கியது, நல்லது. ஆனால் நாட்டுக்குக் கிடைத்தது அச்சில் உள்ள வரிகள். ரேடியோவில் ஓடுகிற, கேசட்டில் விற்ற, இன்று செல்போனில் ஒலிக்கிற பாட்டு அதற்குள் அடங்கவில்லை.

தொழிற்பேட்டையின் சின்னப் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டிய நண்பர் ஒருவரிடம் இந்த வழக்கைச் சொன்னேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அப்ப அவுருக்கும் ஜாப் ஒர்க்குதான்னு சொல்லு. பீஸு அவன்து, நமக்கு பீஸ் ரேட்டு. வண்டி எத்தினி வருஷம் ஓடுனாலும் நமக்கு இன்னா?" என்றார். இத்தனை வருஷத்துப் பட்டிமன்றம் சொல்லாததை மூன்று வாக்கியத்தில் சொன்னார். கண்ணதாசனும் பட்டுக்கோட்டையும் வாலியும் ரோஷனாரா பேகமும் பெயர் தெரியாத அம்மன் பாட்டுக்காரரும் ஒரே தளத்தில் சந்திக்கிற இடம் இதுதான். அரியணையும் பீடமும் அந்த இடத்தை மறைக்கக் கட்டப்பட்டவை. ஒரு கவிஞரை அரசன் என்று சொல்லிவிட்டால் அவருக்கு என்ன கூலி என்று கேட்பது அநாகரிகமாகிவிடுகிறது. மக்களின் குரல் என்று சொல்லிவிட்டாலும் அதே கதைதான். குரலுக்குக் கூலி ஏது?

6

அப்படியானால் எல்லாப் பாட்டும் சமம், தரம் என்பதே கிடையாதா என்று கேட்கலாம். நான் அதைச் சொல்லவில்லை. ஒரு சொல் எப்படி எளிமையாக விழுகிறது, ஒரு ஒப்புமை ஏன் நாற்பது வருஷம் நிற்கிறது என்று பேசத்தான் வேண்டும். பாட்டை மதிப்பிடுவோம். ஆளை வரிசையில் நிறுத்துவது வேறு வேலை.

வரிசை இல்லாத பட்டியலுக்கு நம்மிடமே முன்மாதிரி உண்டு. அம்பத்தூரை அடுத்த திருமுல்லைவாயிலுக்கு வந்து பாடியவர் சுந்தரர். அவருடைய திருத்தொண்டத்தொகை ஒரு பட்டியல்தான். ஆனால் அதில் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. அரசனும் குயவரும் வண்ணாரும் பாணரும் அடுத்தடுத்து வருகிறார்கள். தனிப் பெயர்களோடு, பெயர் தெரியாதவர்களுக்காக ஒன்பது கூட்டங்களையும் 'தொகையடியார்' என்று சேர்த்திருக்கிறது மரபு. பக்தி இயக்கத்தின் அதிகாரத்தையும், அது சமணரை என்ன செய்தது என்பதையும் நாம் மறக்கவேண்டியதில்லை. ஆனால் பெயரில்லாதவர்க்கும் இடம் வைக்கிற பட்டியல் என்ற யோசனையை எடுத்துக்கொள்ளலாம்.

நடைமுறையில் இதன் பொருள் மிகச் சாதாரணமானது. வானொலியில் பாடலாசிரியர் பெயரையும் சொல்லியாகவேண்டும் என்று பம்பாயில் சாஹிர் லுதியான்வி வாதாடினார் என்பார்கள். நம் சங்கக் கூட்டங்களில், கலை இரவுகளில், வீதி நாடகங்களில் அதைச் செய்கிறோமா? அடுத்த மே தினத்துக்குக் கவியரசரா, மக்கள் கவிஞரா என்று தலைப்புக் கொடுக்காமல், பாடப்படும் ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர் பெயரைச் சரிபார்த்து மைக்கில் சொல்வோம். அம்பத்தூரிலும் ஆவடியிலும் வேலைநிறுத்தப் பந்தல்களில் சினிமா மெட்டுக்குப் புதுச் சொல் கட்டிப் பாடியவர்கள் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களிடம் பழைய நோட்டுகள் இருக்கும். கரையான் அரிப்பதற்குள் போய் வாங்கிப் படி எடுக்கவேண்டும், எந்த வருஷம், எந்தக் கம்பெனி வாசலில் பாடியது என்று குறிக்கவேண்டும். எழுதினது யாரு என்று தெரியாவிட்டால், அந்த இடத்தைக் காலியாக விட்டு வைக்கவேண்டும். நமக்குத் தெரிந்த பெரிய பெயரைப் போட்டு நிரப்பக்கூடாது.