சொல்லுக்குள் மறைந்த கைகள்

நாகல் நகர்ப் பெட்டிக்கடையில் முதியவர் ஒருவர் சுருட்டு கேட்டு வாங்குவதை நாம் கண்டிருப்போம். அவர் வாயில் பிறந்த அச்சொல் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கடல் கடந்து ஆங்கிலத்தில் குடியேறிவிட்டது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

'செரூட்' என்பதே அந்த ஆங்கிலச் சொல். இருமுனையும் வெட்டப்பட்ட சுருட்டை அது குறிக்கும். இன்று பேச்சில் அருகிப்போய், பெரும்பாலும் பழைய புதினங்களிலேயே அது காணக்கிடைக்கிறது. 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் யூலும் பர்னெலும் அதன் வேர் தமிழ்ச் 'சுருட்டு' என்றே குறித்துள்ளனர்.

1669 முதல் 1679 வரை வங்கக் கடலோர நாடுகளில் உலவிய தாமஸ் பௌரி என்னும் ஆங்கில வணிகர் தம் குறிப்புகளில், ஏழை மக்கள் புகையிலையைச் சுருட்டி ஒரு முனையில் நெருப்பிட்டுப் புகைப்பதையும், போர்த்துக்கீசியர் அதனைச் 'செரூட்டா' என அழைப்பதையும் எழுதிவைத்தார். எளியோரின் பழக்கமாக அவர் கண்டது, பின்னர் ஆங்கிலேயச் சீமான்களின் விருந்து மேசையை அடைந்தது.

புகையிலை நம் மண்ணுக்கு உரியதன்று, அமெரிக்காவிலிருந்து வந்தது. இலை அயலாருடையது, பெயரோ நம்முடையது. சுருட்டுதல் கையின் தொழில். அத்தொழிலே பொருளுக்குப் பெயராயிற்று.

ஆயினும் புகழ் வேறிடம் சென்றது. ஆங்கிலேயர் இச்சுருட்டைத் 'திருச்சினாப்பள்ளி' என்று ஊர்ப்பெயராலேயே அழைத்தனர். 1887-இல் வெளிவந்த கோனன் டாயிலின் முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் புதினத்தில் துப்பறிவாளர் சாம்பலைக் கொண்டே அச்சுருட்டை இனங்காண்கிறார். ஆனால் திருச்சிச் சுருட்டுக்கான புகையிலையில் பெரும்பங்கு அம்மாவட்டத்திற்கு வெளியே, திண்டுக்கல் போன்ற பகுதிகளில் விளைந்ததே. ஸ்பென்சர் நிறுவனமும் திண்டுக்கல்லில் சுருட்டு ஆலை நடத்தியது. விளைவித்த ஊரின் பெயரை வணிகம் சுருட்டிக்கொண்டது!

புகையிலை உடலைக் கெடுக்கும் என்பதை இன்று நாம் நன்கறிவோம். அதன் புகழ்பாட நாம் வரவில்லை. இலையை நனைத்து, நரம்பு நீக்கி, நாளெல்லாம் குனிந்து உருட்டிய கைகளையே நினைக்கிறோம். அவர்களுள் ஒருவர் பெயரையும் அகராதி பதிவு செய்யவில்லை. ஆனால் அவர்கள் செய்த வேலையின் பெயர் அயல்மொழியில் நிலைத்துவிட்டது. ஆலை முதலாளியின் பெயரும் ஊரின் பெயரும் மங்கினாலும், உழைப்பின் பெயர் அச்சொல்லுக்குள் உறங்குகிறது. பழஞ்சொல் ஒன்றை எதிர்கொள்ளும்போதெல்லாம் அதனுள் உழைத்த கைகளைத் தேடுவோமா?