குளிர்நாட்டு இல்லங்களில் வெயிலறை: அதன் சரித்திரமும் அமைப்பு நெறியும்

குளிர்நாடுகளில் வீட்டின் தென்புறத்தே கண்ணாடி பதித்து, பனிக்காலத்துச் சூரியனை உள்ளே வரவழைத்து அமர்ந்திருப்பதற்கென்று அமைக்கப்படும் வெயிலறை, நம் காலத்துக் கட்டிடக் கலையின் புதுமைகளுள் ஒன்றென்றே பலராலும் கருதப்பட்டு வருகிறது. ஆயினும் அதன் வரலாற்றைக் காலகிரமமாக ஆராய்வோர்க்குப் புலப்படும் உண்மை யாதெனில், வெயிலைப் பெறுவது எக்காலத்தும் எளிதாகவே இருந்தது. பெற்ற உஷ்ணத்தை இரவு கழியும்வரை காத்து வைப்பதே அரிதாக இருந்தது. இவ்வரிய பகுதியைக் கருத்திற்கொண்டு கட்டியவர்கள் சௌகரியம் பெற்றார்கள். அதனை மறந்தவர்கள் நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் தம் பொருளை இறைத்தார்கள். இவ்வபிப்பிராயத்துக்குரிய ஆதாரங்களை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சூரிய கதியை அறிந்து வீடமைக்கும் வழக்கம் மிகத் தொன்மையானது. செனபோன் எழுதிய சாக்ரடீசின் நினைவுக் குறிப்புகளில், தென்முகமாக அமைந்த வீட்டின் தாழ்வாரத்துக்குள் குளிர்காலச் சூரியன் சாய்ந்து நுழையும் என்றும், கோடைச் சூரியன் தலைக்கும் கூரைக்கும் மேலாகச் சென்று நிழலை விட்டுச் செல்லும் என்றும் அந்த ஞானி விளக்குவதைக் காண்கிறோம். இதில் அடங்கிய கணிதம் எளியது. வட அட்சம் 45 பாகையில் உள்ள ஓர் ஊரில் டிசம்பர் மாதக் கடைப்பகுதியில் நடுப்பகற் சூரியன் அடிவானத்திலிருந்து 21.5 பாகை உயரத்தில் நிற்கும். ஜூன் மாதத்திலோ 68.5 பாகை உயரத்தில் நிற்கும். ஆகவே செங்குத்தாக நிற்கும் தென்புறக் கண்ணாடியின்மீது குளிர்கால வெயில் ஏறக்குறைய நேராகவே விழ, கோடை வெயிலை அளவோடு நீட்டிய ஓர் இறவாரமே தடுத்துவிடும். உரோமர்கள் இவ்வறிவோடு கண்ணாடியையும் சேர்த்துக்கொண்டனர். இளைய பிளினி தம் லாரெண்டம் கடற்கரை மாளிகையில் தாமே அமைத்த ஹீலியோகாமினஸ் என்னும் வெயிலறையைப்பற்றி நண்பர் ஒருவருக்கு எழுதியுள்ளார். டிவோலியிலுள்ள ஆட்ரியன் சக்கரவர்த்தியின் மாளிகையில் அத்தகைய கூடமொன்றின் சிதைவுகள் இன்றும் நிற்கின்றன. ஒளிக்கான உரிமை பெற்ற வீட்டின் வெயிலறைமேல் அயலான் ஒருவன் மரம் வளர்த்து நிழல் விழச் செய்தால், அஃது அவ்வுரிமைக்கு விரோதமாகும் என்று நீதிநூலறிஞர் உல்பியன் கூறிச் சென்றிருப்பது, அவ்வறை அக்காலத்தில் எத்துணை மதிப்புப் பெற்றிருந்தது என்பதற்குத் தக்க சான்று.

பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பிய அரசர்கள், ஆரஞ்சு, எலுமிச்சை, மாதுளை முதலிய தென்னாட்டு மரங்களைத் தொட்டிகளில் வளர்த்துப் பனிக்காலத்தில் அவற்றைக் காப்பதற்காக எழுப்பிய ஆரஞ்சரி என்னும் கூடங்களே இன்றைய வெயிலறையின் நேரான முன்னோர் எனலாம். அவற்றுள் பிரசித்தி பெற்றது, ஷூல் ஹார்துவான் மான்சார் 1684 முதல் 1686 வரை வெர்சேல்சில் நிர்மாணித்த கூடமாகும். அதன் நடுக்கூடம் 155 மீட்டர் நீளமுடையது. சுவர்கள் நான்கைந்து மீட்டர் கனமுள்ளவை. உயர்ந்த சாளரங்கள் அனைத்தும் தெற்கு நோக்கியவை. கூரையிலோ கண்ணாடியே கிடையாது. அரண்மனைத் தோட்டத்தின் மேல்தளமே மண்ணோடு அதன்மேல் படர்ந்து கூரையாய் அமைந்துள்ளது. வெளியே பனி உறையும் நாட்களிலும் உள்ளே 5 பாகை சென்டிகிரேடுக்குக் கீழே உஷ்ணம் இறங்குவதில்லை. மரங்களுக்குப் போதுமான 5 பாகை மனிதர்க்குப் போதாதுதான். எனினும் ஒரு திசையில் மட்டும் கண்ணாடி, மற்றத் திசைகளிலும் தலைக்கு மேலும் கனத்த காப்பு என்ற அந்த வடிவம், பின்வந்த எத்தனையோ ஆடம்பரக் கண்ணாடி மாளிகைகளைக் காட்டிலும் நெறியில் உயர்ந்தது என்பது என் துணிபு.

அந்நெறிக்குரிய சாஸ்திரக் காரணத்தைச் சோதனையால் வெளிப்படுத்தியவர் ஜெனீவாவைச் சேர்ந்த ஒராஸ் பெனடிக்ட் டி சோசூர் ஆவார். 1767-ஆம் ஆண்டில் ஒன்றினுள் ஒன்றாகக் கண்ணாடிப் பெட்டிகளை அடுக்கி வெயிலில் வைத்த அவர், உட்பெட்டியின் உஷ்ணம் 87 பாகைக்கு மேல் ஏறக் கண்டார். பின்னர், உட்புறம் கறுத்த தக்கை பதித்த பெட்டியொன்றைக் கம்பளியால் சூழவைத்து மலையுச்சிக்கும் அடிவாரத்துக்கும் கொண்டு சென்று அளந்தபோது, உச்சியில் காற்று மிகக் குளிர்ந்திருந்தும், பெட்டிக்குள்ளே உஷ்ணம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. காற்றின் குளிர்ச்சி வெயிலின் வலிமையைக் குறைப்பதில்லை என்பதும், அடைத்துக் காத்த பெட்டியே சூரியனின் கொடையைத் தக்கவைக்கும் என்பதும் இதனால் விளங்கின. கம்பளியின்றி வெறும் கண்ணாடியாக மட்டும் அப்பெட்டி இருந்திருப்பின் முடிவு வேறாகியிருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இப்பாடத்தைக் கேட்க மனமின்றி இருந்தது. இங்கிலாந்தில் 1746 முதல் எடைக்கேற்ப விதிக்கப்பட்டுவந்த கண்ணாடி வரி 1845-இலும், சாளர வரி 1851-இலும் நீக்கப்படவே, கண்ணாடி மலிந்தது, வார்ப்பிரும்பும் மலிந்தது, நிலக்கரியோ பூமிக்கடியிலிருந்து வற்றாது வந்துகொண்டிருந்தது. செல்வர்கள் சுவரையும் கூரையையும் முற்றிலும் கண்ணாடியாலேயே அமைத்தனர். வரி நீங்குமுன்பே ஜோசப் பாக்ஸ்டன் சாட்ஸ்வொர்த்தில் 1836-இல் தொடங்கிக் கட்டிய மகா கண்ணாடிக்கூடம் 84 மீட்டர் நீளமும் 37 மீட்டர் அகலமும் கொண்டது. அதனை வெம்மையாக வைத்திருக்க எட்டுக் கொதிகலன்களும், சுமார் 11 கிலோமீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாய்களும் வேண்டியிருந்தன. முதல் உலக யுத்தத்தில் நிலக்கரி கிடைக்காமற்போகவே உள்ளிருந்த செடிகள் மடிந்தன. 1920-இல் அக்கூடம் தகர்க்கப்பட்டது. கியூ தோட்டத்துப் பனைக்கூடமும், லண்டன் பளிங்கு மாளிகையும் கலைநயத்தில் ஈடற்றவை என்பதை மறுப்பாரில்லை. ஆயினும் ஒற்றைக் கண்ணாடியானது இன்றைய நற்காப்புள்ள சுவரைக்காட்டிலும் ஏறத்தாழ 28 மடங்கு உஷ்ணத்தை வெளியே விடுவதாகும். அம்மாளிகைகளின் மாதிரியைச் சுருக்கி வீட்டோடு ஒட்டிக் கட்டிக்கொண்ட நடுத்தர வகுப்பினரால் அந்தக் கொதிகலனை மட்டும் தம்மோடு கொண்டுவர இயலவில்லை. கோடையில் உலை, பனிக்காலத்தில் பனிக்கூடு என்ற அவப்பெயர் கண்ணாடி அறைக்கு வந்து சேர்ந்தது இவ்விதமே.

இதனிடையே வெயில் மருந்தாகவும் கருதப்பட்டது. 1903-இல் நீல்ஸ் பின்சென் ஒளிச்சிகிச்சைக்காக நோபல் பரிசு பெற்றார். அவ்வாண்டிலேயே சுவிட்சர்லாந்தின் லேசான் மலையூரில் ஓகுஸ்த் ரோலியே சூரிய வைத்தியம் தொடங்கினார். காசநோய் இல்லங்களின் வெயில் தாழ்வாரங்களிலிருந்து வெளிச்சமும் காற்றுமே ஆரோக்கியம் என்ற எண்ணம் சாதாரண வீடுகளுக்கும் பரவிற்று.

வெயிலறை வீட்டையே வெதுவெதுப்பாக்கவல்லது என்ற கருத்தை மீண்டும் எழுப்பியவர் சிகாகோ நகரக் கட்டிடக் கலைஞர் ஜார்ஜ் பிரெட் கெக் ஆவார். 1933-இல் அந்நகரக் கண்காட்சிக்காக அவர் அமைத்த கண்ணாடி வீட்டில், கணப்பு பொருத்தப்படாத குளிர்காலத்திலேயே தொழிலாளர்கள் மேற்சட்டையின்றி வேலை செய்தார்கள் என்பது பிரசித்தமான செய்தி. 1940-இல் கிளென்வியூ என்னுமிடத்தில் அவர் கட்டிய தென்முகக் கண்ணாடி வீட்டுக்கு ஒரு பத்திரிகை சூரிய வீடு என்று பெயரிட்டது. இரட்டைக் கண்ணாடித் தகடுகளும் அப்போது விற்பனைக்கு வந்திருந்தன. ஆனால் அத்தகைய வீடுகளில் பகலில் சாளரத்தைத் திறக்குமளவுக்கு வெப்பமும், சூரியன் மறைந்தபின் கணப்பை மூட்டுமளவுக்குக் குளிரும் ஒரே நாளில் நேர்ந்தன. வந்த செல்வத்தை வைக்கப் பெட்டியில்லாத குடும்பத்தின் நிலை அது.

அப்பெட்டியைத் தேடிய முயற்சிகளுள் சில மிகுந்த நுட்பமுடையவை. 1948-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து டோவரில் மரியா டெல்கெஸ் அம்மையார், 32 பாகையில் உருகும் கிளாபர் உப்பில் வெயிலைச் சேமிக்க முயன்றார். உப்பு காலப்போக்கில் பிரிந்து படிந்ததாலும் கலங்கள் அரித்துப்போனதாலும் சில பனிக்காலங்களுக்குப்பின் அது நின்றுபோயிற்று. 1967-இல் பிரெனே மலையிலுள்ள ஒதெயோவில் பெலிக்ஸ் துரோம்பும் ஷாக் மிஷேலும், கண்ணாடிக்குப் பின்னே கறுத்த கனத்த சுவரை நிறுத்தினர். பகலில் அது உண்ட உஷ்ணம் சுவரின் கனத்துக்கேற்பப் பல மணி நேரம் கழித்தே அறைக்குள் பிரவேசித்தது. எண்ணெய் நெருக்கடி நேர்ந்த 1973-க்குப்பின், நியூ மெக்சிகோவின் சான்டா பே நகரில் எழுந்த வீடொன்றில் இரண்டு மாடி உயரக் கண்ணாடிக் கூடத்துக்கும் வசிக்கும் அறைகளுக்கும் இடையே பச்சைச் செங்கற் சுவர் எழுப்பப்பட்டது. அவ்வீட்டில் வாழ்ந்துகொண்டே அளவுகளை எடுத்தவர் லாஸ் அலமோஸ் விஞ்ஞானி டக்ளஸ் பால்கோம். கூடத்தின் உஷ்ணம் இரவும் பகலும் ஏறி இறங்கினாலும், சுவருக்கப்பாலுள்ள அறைகள் சமநிலையில் இருந்தன. கூடத்தையும் அறைகளையும் இவ்வாறு பிரித்து வைத்ததே அவ்வீட்டின் வெற்றிக்குக் காரணம்.

ஆனால் சான்டா பே உயர்ந்த மேட்டு நிலம். அங்கே பனிக்காலத்திலும் வானம் தெளிவாயிருக்கும். மேகம் மூடிய வடநாட்டுக்கு அவ்வனுபவம் அப்படியே பொருந்தாது. 1977-இல் கனடாவின் ரெஜைனா நகரில் கட்டப்பட்ட சஸ்காட்சுவான் சேமிப்பு வீடு, அளவான தென்புறச் சாளரங்களும், மிகக் கனத்த காப்புள்ள சுவர்களும், காற்றுக் கசிவில்லாத கட்டுமானமுமே கடுங்குளிரை வெல்லும் என்று நிரூபித்தது. பின்னர், உஷ்ணத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய உலோகப்பூச்சும் ஆர்கான் வாயுவும் வந்தன. ஒற்றைக் கண்ணாடி சதுரமீட்டருக்கு ஒரு பாகை வித்தியாசத்தில் 5.7 வாட் இழப்பதாயின், பூச்சிட்ட இரட்டைக் கண்ணாடி ஏறத்தாழ 1.1 வாட்டும், மூவடுக்குக் கண்ணாடி 0.7 வாட்டும் இழக்கும். இவ்வளவு முன்னேறியும், மூவடுக்குக் கண்ணாடி நல்ல சுவரைவிட மூன்று மடங்குக்கு மேல் இழக்கிறது என்பதை விற்பவர் எவரும் சொல்வதில்லை.

இவ்வரலாற்றின் இறுதியில் நிற்பவை இரண்டு நெறிகள். ஒன்று, பருவத்துக்கேற்ப வாழும் கூடம்: கணப்பில்லாது, வீட்டிலிருந்து வெளிக்கதவுக்குரிய தரமுள்ள கதவால் பிரிக்கப்பட்டது. போர்டோ நகரின் 530 குடியிருப்புகளுக்கு 3.8 மீட்டர் ஆழமுள்ள குளிர்காலத் தோட்டங்களைச் சேர்த்த கட்டிடக் கலைஞர்கள் லகாத்தோன், வசால் ஆகியோரின் பணி இதற்கு உத்தம உதாரணம். 2021-இல் அவர்கள் பிரிட்ஸ்கர் பரிசு பெற்றனர். மற்றொன்று, ஆண்டு முழுதும் வசிக்கும் அறை. இதற்குத் தெற்கே செங்குத்தான மூவடுக்குக் கண்ணாடியும், கிழக்கிலும் மேற்கிலும் குறைந்த சாளரங்களும், காப்பிட்ட திடமான கூரையும், அடியிலும் விளிம்பிலும் காப்பிட்ட கனத்த கல்தளமும், கோடையில் வெளிப்புறத்தே இறக்கும் மறைப்பும், கீழும் மேலும் காற்றுப் புழங்கும் திறப்புகளும் இன்றியமையாதன. இரண்டையும் கலந்து, பெயருக்கு ஒரு கூடம் கட்டிக் கதவைத் திறந்து வைத்துக் கணப்பு மூட்டுவதே பெருந்தவறு. ஆதலின் வெயிலறை கட்ட விழைவோர் இவ்விரண்டில் எது தமக்கு வேண்டுமென்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளவேண்டும். ஆண்டு முழுதும் வசிக்கும் அறையே வேண்டுமென்று கருதி, கைப்பொருளும் அளவாக இருக்குமாயின், கண்ணாடிக் கூரைக்கென ஒதுக்கிய தொகையைத் தரைக்கடியிலுள்ள காப்புக்குச் செலவிடுவார்களாக.