இரண்டும் மூன்றும் 5.999

மடக்கை அட்டவணையில் 2க்கு நேரே 0.3010 என்று இருக்கும். 3க்கு நேரே 0.4771. இரண்டையும் கூட்டினால் 0.7781. மடக்கைகளைக் கூட்டினால் எண்கள் பெருகும் என்பதுதானே பாடம்? அப்படியானால் 6க்கு நேரே 0.7781 இருக்கவேண்டும். விரலை வைத்துப் பாருங்கள், 0.7782 என்று இருக்கும். சரி, கூட்டி வந்த 0.7781க்கு முரண்மடக்கை பார்ப்போம் என்று பக்கத்தைப் புரட்டினால் 5.999. ஈரெண்டு நாலு என்று வாய்ப்பாடு சொன்ன பிள்ளைக்கு, இருமூன்று ஆறு இல்லை என்று அரசாங்க அச்சகத்துத் தாள் சொல்கிறது.

பதினோராம் வகுப்பில் நான் இதைக் கண்டுபிடித்து, அட்டவணையில் அச்சுப்பிழை என்று கணக்கு மாஸ்டரிடம் கொண்டுபோனேன். அவர் சிரிக்கவில்லை. கரும்பலகையில் மூன்று வரி எழுதினார்: 0.30103, 0.47712, 0.77815. முதல் இரண்டும் நான்கு தசமதானத்துக்கு வரும்போது கீழே போகின்றன. மூன்றாவது மேலே போகிறது. "அச்சுப்பிழை இல்லை, மட்டந்தட்டின பிழை" என்றார்.

மட்டந்தட்டல் என்பது எங்கள் இலங்கைப் பாடநூற் சொல். தமிழ்நாட்டு வாசகர் கேட்டால் யாரையோ இளக்காரமாகப் பேசுவதாக நினைப்பார். எண்ணைத்தான் தட்டுகிறோம். ஐந்தோ அதற்கு மேலோ என்றால் முன்னிலக்கத்துக்கு ஒன்று கூட்டு, நான்கோ அதற்குக் கீழோ என்றால் விட்டுவிடு. ஒன்பதாம் வகுப்பில் இதைச் சொல்லித்தந்துவிடுவார்கள். சொல்ல அரை நிமிடம் போதும், பிழைவிடத்தான் ஆயுள் முழுக்க வழி இருக்கிறது.

அட்டவணை இவ்வளவு தூரம் வந்த கதை நீளமானது. எடின்பரோவில் ஜோன் நேப்பியர் 1614இல் மடக்கையை வெளியிட்டார். லண்டனிலிருந்து ஹென்றி பிரிக்ஸ் அவரைத் தேடிப்போய், பத்தை அடியாக வைத்தால் கணிப்பது இலகு என்று பேசி முடித்தார். 1624இல் பிரிக்ஸ் அச்சிட்ட பெரிய அட்டவணையில் ஒவ்வொரு மடக்கைக்கும் பதினான்கு தசமதானம். அவர் விட்ட இடைவெளியை நிரப்பிய ஒல்லாந்தர் விலாக் 1628இல் பத்துத் தானத்தோடு நிறுத்திக்கொண்டார். பிறகு ஏழு, ஐந்து. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு நான்கு போதும் என்று கடைசியில் முடிவாயிற்று. தானம் குறையக்குறையப் புத்தகம் மெலிந்தது. வெட்டிய இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு தடவை மட்டந்தட்டினார்கள். நம் கையில் உள்ள நான்காம் இலக்கம் அந்த வெட்டின் தழும்பு.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்த வகைக் கணக்கு கால்வைத்த இடம் வட்டுக்கோட்டை. 1823இல் அமெரிக்க மிஷன் அங்கே செமினரியைத் தொடங்கி, கேத்திரகணிதம், திரிகோணகணிதம், வானியல் எல்லாம் படிப்பித்தது. 1829 மார்ச்சில் ஒரு சந்திர கிரகணம் வந்தது. அராலி விசுவநாத சாஸ்திரியார் பஞ்சாங்கத்துக்குக் கணித்த நேரமும் செமினரி அதிபர் டானியல் பூவர் கணித்த நேரமும் ஒத்துவரவில்லை. பூவரின் கணக்கே கிட்டியது என்று மிஷன் அதைப் பெரிய வெற்றியாகப் பேசிற்று. எனக்கு அந்த வெற்றியில் அவ்வளவு உற்சாகம் இல்லை. பஞ்சாங்கக்காரரின் வாக்கிய முறையில் சந்திரனுக்கு 248 வாக்கியங்கள் உண்டு. அவையும் அட்டவணைதான், தாளில் இல்லாமல் வாயில் இருந்த அட்டவணை. அதிலும் ஒருவர் எங்கோ ஓரிடத்தில் மட்டந்தட்டியிருக்கிறார், அந்தச் சிறு மிச்சம் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்து நிமிடங்களாகிவிட்டது. வானம் பார்த்துத் திருத்திக்கொள்ளாத எந்த அட்டவணைக்கும் அதுதான் கதி.

1855இல் செமினரி மூடப்பட்டது. அதே ஆண்டு கரோல் விசுவநாதபிள்ளையின் 'வீசகணிதம்' தமிழில் அச்சாகி வந்தது. 1880 முதல் கேம்பிரிட்ஜ் பரீட்சைகள் இலங்கைக்கு வந்தன, பின்னால் கல்விப் பொதுத் தராதரப் பரீட்சை (க.பொ.த.). இன்றும் சாதாரண தரக் கணிதத்துக்குக் கல்குலேட்டர் கொண்டுபோக முடியாது. கைத்தொலைபேசியில் எல்லாம் இருக்கிற காலத்தில், பதினாறு வயதுப் பிள்ளை பிரிக்ஸின் பேரப்பிள்ளைத் தாளில் விரலோட்டிக்கொண்டிருக்கிறது. பழமை என்று ஏளனம் செய்பவர்கள் உண்டு. நான் அந்தப் பக்கம் இல்லை. கல்குலேட்டர் 6 என்று சொல்லிவிட்டுப் போய்விடும், அட்டவணை 5.999 என்று சொல்லி உங்களை யோசிக்கவைக்கும்.

தவிர, அதற்குப் பற்றரி வேண்டாம். 1990இல் போரோடு குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. தடைசெய்யப்பட்ட சாமான்களில் பற்றரியும் ஒன்று. மண்ணெண்ணெய் துளித்துளியாகச் செலவழிந்த ஜாம் போத்தல் விளக்கில், 3க்கும் 8க்கும் வித்தியாசம் தெரியாத பழைய அச்சில், அக்கா கணக்குச் செய்தா. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது அவவின் பையில் இருந்தவற்றில் அந்த அட்டவணையும் ஒன்று. மழையில் ஊறி, காய்ந்து, ஓரம் சுருண்டு என்னிடம் வந்தது. நான் 6க்கு நேரே விரல் வைத்தது அதில்தான்.

பரீட்சையில் பிள்ளைகள் புள்ளியை விடும் இடங்கள் எப்போதும் இரண்டு மூன்றுதான். 3.4476ஐ முதலாம் தசமதானத்துக்கு மட்டந்தட்டச் சொன்னால், படிப்படியாகத் தட்டிக்கொண்டு வருவார்கள்: 3.448, 3.45, 3.5. விடை 3.4. இரண்டாம் தசமதானத்து இலக்கம் 4, அதை மட்டும் பார்த்தால் போதும், வாலைப் பார்க்கவே கூடாது. இன்னொன்று 3.97. முதலாம் தசமதானத்துக்கு 4 என்று எழுதுவார்கள். 4.0 என்று எழுதவேண்டும். அந்தப் பூச்சியம் அலங்காரத்துக்கு இல்லை, எவ்வளவு நுணுக்கமாக அளந்தோம் என்பதற்கு அத்தாட்சி. மூன்றாவது, இடைவரிகளிலேயே மட்டந்தட்டிவிடுவது. கடைசி வரி வரும்வரை கை வைக்கக்கூடாது.

பாடம் இதோடு முடிகிறது, நான்கு தசமதானம் முடியவில்லை. மூன்று வருடம் கழித்து, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் உயர்தரப் பெறுபேற்றுத் தாளில் அது மறுபடி வருகிறது. அதற்குப் பின்னால் இருப்பது தரப்படுத்தல். இங்கே அந்தச் சொல்லுக்குப் புள்ளிவிபரவியல் அர்த்தம் பின்னால்தான் வந்தது. 1971இல் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழி மாணவருக்கு 227 புள்ளி போதும், தமிழ் மொழி மாணவருக்கு 250 வேண்டும் என்றானபோது குடாநாடு அந்தச் சொல்லை முதலில் கற்றது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. 2001 முதல் இசட் புள்ளி.

இசட் புள்ளியின் செய்கை எளிது. உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுக்கவேண்டும். மூன்று பாடங்களுக்கும் செய்து சராசரி எடுத்து, நான்கு தசமதானத்துக்குத் தருவார்கள். ஒரு பாடத்தின் நியம விலகல் 18 என்று வையுங்கள். அதில் ஒரேயொரு புள்ளி கூடினால் 1ஐ 18ஆல் வகுத்து, பிறகு மூன்றால் வகுத்து, 0.0185 கூடும். அதாவது நான்காம் தானத்தில் 185 படி. திருத்துபவரின் பேனா ஒரு புள்ளி ஏறி இறங்கினால் 185 படி ஆடுகிற ஓர் எண்ணில், ஒரு படி வித்தியாசத்தில் ஒரு பிள்ளை மருத்துவ பீடத்துக்குப் போகிறது, ஒரு பிள்ளை வீட்டில் நிற்கிறது. எங்கோ ஓரிடத்தில் கோடு கிழிக்கத்தான் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நான்காம் இலக்கம் பிள்ளையின் கெட்டித்தனத்தை அளக்கிறது என்று யாரும் சொல்லவேண்டாம். சூத்திரமே தவறலாம் என்பதற்கும் சான்று இருக்கிறது: பழைய, புதிய பாடத்திட்டக்காரரை ஒன்றாகச் சேர்த்துக் கணித்த 2011 உயர்தர இசட் புள்ளிகளை 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் இரத்துச் செய்தது.

அந்தக் கோட்டைக் கிழிக்கும் வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு, படித்த பாடசாலை எங்கே இருக்கிறது என்பதே கணக்கு. 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமானபோது பளையைச் சேர்த்த பச்சிலைப்பள்ளிப் பிரிவும் அதோடு போனது. ஆனையிறவைத் தாண்டாத, குடாநாட்டு மண்ணிலேயே கிடக்கிற பிரிவு அது. ஆகவே ஒரே குடாநாட்டுக்கு வெட்டுப்புள்ளி இரண்டு, யாழ்ப்பாணத்துக்கு ஒன்று, கிளிநொச்சிக்கு ஒன்று. இரண்டும் நான்கு தசமதானத்தில்தான் வருகின்றன.