பாரதப் பந்தலும் நாடக வாசிப்பும்: பாலாற்றுப் படுகையில் ஒரு கலைமரபின் தடம்

தேர்ந்த நடிகர்கள் சிலர், வேஷமும் காட்சியமைப்பும் இல்லாமல், பிரதியை எதிரே வைத்துக்கொண்டு ஒரு நாடகத்தை அவையோர் முன் வாசித்து நிகழ்த்துவதை இன்று நாடக வாசிப்பு என்கிறோம். தமிழில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மேலைநாட்டுச் சான்றுகளையே முதலில் சொல்வார்கள். 1951இல் சார்லஸ் லாட்டன், சார்லஸ் போயர், செட்ரிக் ஹார்ட்விக், ஆக்னஸ் மூர்ஹெட் ஆகிய நால்வரும் பெர்னார்ட் ஷாவின் நாடகம் ஒன்றின் மூன்றாம் அங்கத்தை அமெரிக்க நகரங்களில் வாசித்தே அரங்கை நிறைத்தார்கள். பெரிய சாதனைதான். ஆனால் வேலூர், குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் வளர்ந்த ஒருவருக்கு, கதையைக் கையில் ஏட்டோடு அவையில் படிப்பது புதுமையாகத் தோன்றாது. திரௌபதியம்மன் திருவிழாவில் பகலில் பாரதம் படிப்பார்கள். இரவெல்லாம் அதே கதையைக் கூத்தாக ஆடுவார்கள்.

இக்கட்டுரையின் வாதம் இந்தப் பகல், இரவுப் பிரிவினையைப் பற்றியது. ஒரே கதையைப் படிப்பவர் ஒருவர், ஆடுபவர் இன்னொருவர் என்று நம் மரபு பகுத்து வைத்திருந்தது. படிப்பவர் கையில் நூல் இருந்தது. நடிகர் கையில் எதுவும் இல்லை. நூலும் நடிப்பும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். அந்தச் சேர்க்கையின் வரலாறே தமிழ் நாடக வாசிப்பின் வரலாறு என்பது என் கருத்து.

எல்லையை முதலில் சொல்லிவிட வேண்டும். இன்றைய வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் பெரும்பகுதி ஒரு காலத்தில் வடாற்காடு என்ற ஒரே மாவட்டம். 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019 நவம்பரில் வேலூர் மூன்றானபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. கூத்துக்கு இந்த எல்லைகள் கிடையாது. செய்யாற்றுப் பக்கத்துக் கூத்து வாத்தியாரை அழைக்கப் பாலாற்றைக் கடந்து ஆள் போவது வழக்கந்தான். ஆகவே பழைய வடாற்காட்டையும் அதை ஒட்டிய தொண்டை மண்டலத்தையும் ஒரே நிலப்பரப்பாகவே இங்கே கொள்கிறேன்.

பாரதம் படிக்க மானியம்

தொண்டை மண்டலத்தில் பாரதம் படித்ததற்கு உறுதியான பழஞ்சான்று காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள கூரத்தில் கிடைக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மப் பல்லவனின் கூரம் செப்பேடு, ஓர் ஊரை 25 பங்காகப் பிரித்துக் கொடுத்ததைச் சொல்கிறது. அதில் ஒரு பங்கு, கோயில் மண்டபத்தில் பாரதம் படிப்பதற்கு என்றே ஒதுக்கப்பட்டது. கோயில் பூசைக்கும் மண்டபத்தில் நீரும் நெருப்பும் வைப்பதற்கும் பங்கு கொடுத்த அதே பட்டியலில் வாசிப்பவருக்கும் பங்கு இருக்கிறது. வாசிப்பு ஊரின் நித்தியத் தேவைகளில் ஒன்றாக எண்ணப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதே போல ஆடுபவருக்கும் மானியம் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்காக ஒரு சாந்திக் கூத்தனுக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் கொடுத்ததை 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அங்கே ஆட்டம், இங்கே வாசிப்பு. இரண்டும் கோயிலைச் சார்ந்தே வாழ்ந்தன. ஆனால் கணக்கில் தனித்தனி ஆட்கள், தனித்தனி ஊதியம்.

இன்று வடாற்காட்டுப் பந்தல்களில் படிக்கப்படுவது வில்லிபுத்தூரார் பாரதம். 14ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி, வரபதி ஆட்கொண்டானின் ஆதரவில் எழுந்த இந்நூல் பத்துப் பருவங்களில் பதினெட்டாம் நாள் போரோடு முடிகிறது. எஞ்சிய பருவங்களையும் சேர்த்து 18ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை விரித்துப் பாடினார். வில்லியின் விருத்தங்கள் ஓசை மிகுந்தவை. தேர் ஓடும்போது சந்தமும் ஓடும். சபையில் திரௌபதி கதறும்போது சந்தம் தளரும். கண்ணால் படிக்கும்போது சந்தி பிரிக்கவே நேரம் போய்விடுகிற பாட்டு, வாய்விட்டுப் படித்தால் தானாகவே நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது. வில்லியை மேடை நூல் என்றே நான் மதிப்பிடுகிறேன். நம் பாடத்திட்டங்கள் அதைக் காப்பிய வரிசையில் வைத்துவிட்டு, கேட்கப்படும் நூல் என்பதைச் சொல்லாமல் விட்டது பெரிய இழப்பு.

பகல் படிப்பின் முறையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். உச்சி வெயில் தாழ்ந்ததும் கோயிலுக்கு முன் போட்ட பந்தலில் ஆட்கள் சேர்கிறார்கள். வெற்றிலைப் பையோடு முன்வரிசையில் வயதான பெண்கள், ஓரத்தில் துண்டை விரித்த ஆண்கள், நடுவில் ஓடித் திரியும் பிள்ளைகள். மேடையில் பிரசங்கியார், பக்கத்தில் பாட்டைப் படிப்பவர், ஒரு ஆர்மோனியம். படிப்பவர் ஒரு விருத்தத்தை இராகம் போட்டு முழுதும் பாடுகிறார். பிரசங்கியார் அதன் முதலடியை மறுபடி எடுத்து, சொல் பிரித்து, பொருள் சொல்லி, அங்கிருந்து கதைக்குள் இறங்குகிறார். இறங்கியதும் அவர் குரல் மாறுகிறது. சகுனி பேசும்போது இழுவை. விதுரன் பேசும்போது நிதானம். துரியோதனன் வந்தால் தொண்டை அடியிலிருந்து வருகிறது. உட்கார்ந்த இடத்தை விட்டு அவர் எழுவதில்லை. துணியால் மூடிய மார்பும் திருநீற்று நெற்றியுமாக ஒரே ஆளாகவே இருக்கிறார். ஆனாலும் பந்தலில் ஆறேழு பேர் பேசிக்கொண்டிருப்பதாகவே கேட்பவர்களுக்குத் தோன்றுகிறது. திரௌபதி கல்யாணம் படிக்கிற நாளில் ஊரார் சீர்வரிசை கொண்டு வருகிறார்கள். விராட பருவம் படித்தால் மழை வரும் என்ற நம்பிக்கை வறண்ட பாலாற்றுக் கரையில் இன்னும் இருக்கிறது.

இதை வெறும் சமயச் சொற்பொழிவு என்று ஒதுக்க முடியாது. பிரதி உண்டு, பாத்திரக் குரல் உண்டு, பார்வையாளர் உண்டு, பல நாள் தொடர்ச்சி உண்டு. நாடக வாசிப்புக்கு வேண்டிய எல்லாமே இங்கே இருக்கின்றன. இல்லாதது ஒன்றுதான்: படிப்பவர் தன்னை நடிகர் என்று சொல்லிக்கொள்வதில்லை.

இரவில் வாத்தியார்

இரவு பத்து மணிக்கு மேல் களம் மாறுகிறது. முகவீணை, மிருதங்கம், டோலக்கு, தாளம் ஒலிக்க, இருவர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து வேஷக்காரர் பாடிக்கொண்டே வருகிறார். கிரீடமும் புஜகீர்த்தியும் மார்பதக்கமும் கட்டிய அந்த உடம்பு விடியும்வரை ஓய்வதில்லை. கட்டியங்காரன் கேள்வி கேட்கிறான். இராசா தன் பெயரும் பெருமையும் சொல்கிறார். பகலில் கேட்ட கதையில் பகடை துகிலோ கர்ண மோட்சமோ வந்திருந்தால், இரவு அதுவே கண்முன் நடக்கிறது.

பிரதி இங்கே எங்கே இருக்கிறது? வாத்தியாரிடம். பின்பாட்டுக்காரர்களோடு பின்னால் நிற்கும் அவர்தான் அடியெடுத்துக் கொடுக்கிறார், விட்ட வசனத்தைத் தொடுத்துக் கொடுக்கிறார். அவர் நோட்டுப் புத்தகத்தில் பாட்டுகள் இருக்கும். வசனம் பெரும்பாலும் நினைவிலும் சமயோசிதத்திலும் இருக்கும். ஹன்னே டி பிரைன், கட்டைக்கூத்து என்றும் அழைக்கப்படும் இக்கூத்தைப் பற்றி 1999இல் வெளியிட்ட ஆய்வு நூலின் தலைப்பிலேயே நெகிழ்வு என்ற கருத்தை வைத்தது பொருத்தமானது. ஊருக்கு ஏற்ப, இரவின் நீளத்துக்கு ஏற்ப, எதிரே நிற்கும் ஆளுக்கு ஏற்பக் கூத்தின் பனுவல் விரியும், சுருங்கும். ஆல்ஃப் ஹில்டெபைடல் 1988லும் 1991லும் வெளியிட்ட திரௌபதி வழிபாட்டு ஆய்வுகளும், ரிச்சர்ட் ஃபிராஸ்கா 1990இல் வெளியிட்ட தெருக்கூத்து நூலும், பகல் பிரசங்கமும் இரவுக் கூத்தும் கோயில் சடங்கும் ஒன்றோடொன்று பின்னியவை என்று காட்டியிருக்கின்றன. அவர்களுக்குப் பின் நம்மவர் எழுதியதில் கூத்துக்குக் கிடைத்த இடத்தில் கால்வாசிகூடப் பிரசங்கத்துக்குக் கிடைக்கவில்லை.

அச்சு, போலீஸ், ஒலிவாங்கி

19ஆம் நூற்றாண்டில் அச்சு பரவியபோது கூத்துப் பனுவல்கள் மலிவுப் பதிப்புகளாகச் சென்னையிலிருந்து வடாற்காட்டுச் சந்தைகளுக்கு வந்தன. இரத்தினநாயகர் அண்டு சன்ஸ் போன்ற பதிப்பகங்களின் நாடகப் புத்தகங்கள் வாத்தியார்களுக்கும் பயன்பட்டன. இன்னொரு பக்கம், 1891இல் இரண்டு நிகழ்வுகள். சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் வெளிவந்தது. மேடையைவிட வாசகரிடமும் வகுப்பறையிலுமே அது அதிகம் வாழ்ந்தது. அதே ஆண்டு பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். எழுதிய பிரதியை வழக்கறிஞர்களும் அலுவலர்களும் வரிக்கு வரி மனப்பாடம் செய்து நடிக்கும் முறை அங்கே ஊன்றியது. சங்கரதாஸ் சுவாமிகளின் பாய்ஸ் கம்பெனியில் சிறுவர்களுக்கு வாத்தியார் பாடம் சொல்லிக் கொடுத்தார். எழுத்து நடிகரை நெருங்கி வந்தது. ஆனால் அவையின் முன் அவர் கையில் இன்னும் தாள் வரவில்லை.

நாடகப் பிரதியை நடிகரையும் வாசகரையும் தவிர இன்னொருவரும் படித்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்த்துச் சட்டமும், பின்னர் 1954இல் சென்னை மாநிலம் இயற்றிய சட்டமும் நாடகப் பிரதியைப் போலீஸ் மேசைக்குக் கொண்டுபோயின. பரீக்ஷா நாடகக் குழுவை நடத்திய ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளைச் செல்லாதவை என்றது. எழுதி வைக்காத கூத்துக்கு இந்தச் சட்டத்தால் நேர்ந்த தொல்லை குறைவாகவே இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். எழுதி வைத்த நவீன நாடகமே அதிகம் மாட்டிக்கொண்டது.

நடிகர் கையில் தாளை வைத்தது வானொலி. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது. ஒலிவாங்கியின் முன் நின்று, தாள் சரசரக்காமல் பக்கம் புரட்டி, முகத்தை யாரும் பார்க்காத இடத்தில் அழவும் சிரிக்கவும் மேடை நடிகர்கள் கற்றார்கள். இரவு நாடகத்தைக் கேட்க டீக்கடை முன் கூடிய கிராமத்துக்காரர்களுக்குப் பகல் பந்தலில் பழகிய காது ஏற்கெனவே இருந்தது. பிரசங்கியாரிடம் கதை கேட்டவர்களுக்கு, காணாத முகத்தின் குரலை வைத்து ஆளை உருவாக்கிக்கொள்வது சிரமமான வேலையல்ல. வானொலி நாடகம் தமிழ்நாட்டில் எளிதாக வேரூன்றியதற்கு இந்தக் கேள்விப் பழக்கமும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

புரிசையும் கூத்துப்பட்டறையும்

வடாற்காட்டின் கூத்தும் நவீன நாடகப் பிரதியும் நேருக்கு நேர் சந்தித்தது 1970களில். புரிசை என்ற கிராமத்து நடேசத் தம்பிரானின் கூத்தைப் பார்த்த எழுத்தாளர் ந. முத்துசாமி அதையே தமிழின் அரங்கு என்று எழுதத் தொடங்கினார். 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு பிறந்தது. புரிசை கண்ணப்பத் தம்பிரான் நகரத்து நடிகர்களுக்குக் கூத்து அடவுகளையும் பாட்டையும் கற்றுக்கொடுத்தார். கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை, வாங்கியும் கொண்டார். பிரெக்டின் வெள்ளை வட்ட நாடகமும் மார்க்கேஸின் இறக்கை முளைத்த கிழவன் கதையும் புரிசையில் தெருக்கூத்தாயின. எழுத்தில் பிறந்த வேற்றுநாட்டுப் பனுவலை வாய்ப்பாடமாகப் பழகிய குழு ஏற்றது என்றால், இடையில் யாரோ உட்கார்ந்து படித்து, கேட்டு, பாட்டாக மாற்றியிருக்க வேண்டும். அந்த இடைநிலைதான் நாடக வாசிப்பு. முத்துசாமியின் நாடகங்களில் தனிப்பேச்சு நீளமானது. சொல் தன்னையே திருப்பித் திருப்பிச் சொல்லும். வாய்விட்டுப் படித்தால்தான் அவை திறக்கும். பகல் பந்தலின் பாடமும் அதுவே.

தோல் தொழில் நடக்கும் இந்த வட்டாரத்தின் இன்னொரு கேள்விப் பழக்கத்தையும் சேர்க்காமல் இந்த வரலாறு முழுமையாகாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஊர்களில் உருது முஷாயிரா நெடுங்காலமாக நடந்து வருகிறது. கவிஞர் படிக்க, அவை வரிக்கு வரி வாழ்த்துச் சொல்லி மறுபடி படிக்கக் கேட்கும். 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் ஏறத்தாழ முப்பது ஆண்டு தமிழ் கற்பித்த கவிக்கோ அப்துல் ரகுமான், தமிழ்க் கவியரங்கத்தில் புகழ்பெற்ற குரல்களில் ஒருவர். மேடையில் கவிதை வாசிப்பதை ஒரு நிகழ்கலையாகவே அவர் வளர்த்தார். இந்த ஊர்களின் காற்றிலேயே அது இருந்தது.

உருதுக்கும் நாடக வாசிப்புக்கும் நேரடி உறவும் உண்டு. அமெரிக்க நாடகாசிரியர் ஏ. ஆர். கர்னியின் கடித நாடகத்தைத் தழுவி ஜாவேத் சித்திகி உருதுவில் எழுதிய தும்ஹாரி அம்ரிதாவை 1992இல் பெரோஸ் அப்பாஸ் கான் இயக்கினார். ஷபானா ஆஸ்மியும் ஃபரூக் ஷேக்கும் இரண்டு மேசைகளின் முன் உட்கார்ந்து கடிதங்களைப் படித்தார்கள். ஒருவர் முகத்தை மற்றவர் பார்ப்பதில்லை; எழுந்து நடப்பதும் இல்லை. 2013 டிசம்பரில் ஃபரூக் ஷேக் இறக்கும்வரை 21 ஆண்டுகள் அது ஓடியது. தேர்ந்த நடிகர்கள் படித்தாலே போதும், மக்கள் வருவார்கள் என்பதை இந்திய அரங்கில் ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டியது அந்த நாடகம். தமிழில் அதற்கு ஈடாக நீண்ட நாள் ஓடிய ஒரு வாசிப்பு இன்னும் எழவில்லை.

எழ வேண்டிய இடம் இந்த வட்டாரம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆம்பூர், இராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களும் ஆண்களும் விடியும்முன் எழுந்து கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள். விடிய விடிய உட்கார்ந்து பதினெட்டாம் போர் பார்க்க அவர்களால் எல்லா நாளும் முடியாது. மாலை ஷிப்ட் முடிந்தபின் இரண்டு மணி நேரம் நல்ல குரல்கள் நாடகம் படித்தால் உட்கார்ந்து கேட்க முடியும். தோல் பதனிடும் தொழிலின் வாழ்வும் அதன் கழிவால் பாலாறு பட்ட பாடும், அதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்த வழக்கும் நாடகமாக எழுதப்பட வேண்டியவை. அவற்றை முதலில் கேட்க வேண்டியவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள்.

அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கூத்தைப் படம் பிடிக்க வருகிறவர்கள் இரவில் வந்து விடியலில் போய்விடுகிறார்கள். பிரசங்கியார்களும் அவர்களுக்குப் பாட்டுப் படிப்பவர்களும் வயதாகிக்கொண்டிருக்கிறார்கள். வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை மாவட்டக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகளும் திரௌபதியம்மன் கோயில் விழாக் குழுக்களும் சேர்ந்து, அடுத்த திருவிழாவிலிருந்தே பகல் படிப்பைத் தொடக்க நாள் முதல் இறுதியில் வரும் படுகளச் சடங்கு வரை முழுதாகப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவை நாடகப் பயிற்சி பெறும் இளைஞர்களுக்குக் கேட்கக் கொடுக்க வேண்டும்.