படப்பெட்டி போன வழி

ஃபிலிமா, டிஜிட்டலா என்று கோடம்பாக்கத்தில் உரக்கச் சண்டை போட்டவர்கள் கேமராமேன்கள். முடிவு செய்தவையோ எடிட்டிங் அறையும் தியேட்டரின் புரொஜக்டரும்.

35 எம்.எம். ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 400 அடி மேகசின் நாலரை நிமிடம்கூடத் தாங்காது. டேக்குக்கு முன்னால் அத்தனை ஒத்திகை பார்த்ததற்குக் கலைப்பற்று மட்டுமே காரணம் என்று நம்ப வேண்டியதில்லை. 1960-ல் நிறுவப்பட்ட ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் தந்தது. கலர் நெகட்டிவோ பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு.

எடுத்து முடித்தாலும் செலவு நிற்காது. இரண்டரை மணி நேரப் படத்தின் ஒரு பிரிண்ட் 13,500 அடி. லஸ் காமதேனுவோ தி.நகர் கிருஷ்ணவேணியோ, பெட்டி வந்தால்தான் ஷோ. லேபில் பாக்கி இருந்தால் பெட்டி நகராது. நகரத்தில் ஓடித் தேய்ந்த பிரிண்டுதான் பிறகு சிற்றூர் டென்ட் கொட்டகைக்குப் போகும். திரையில் கோடு கோடாக மழை பெய்யும்.

இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியைக் கழற்றியது மயிலாப்பூர் டாக்டர் ரங்கா சாலையிலிருந்து இயங்கிய ரியல் இமேஜ். செந்தில் குமாரும் ஜெயேந்திராவும் 1986-ல் தொடங்கிய நிறுவனம் அது. கணினியில் படத்தொகுப்பு செய்யும் அவிட் முறையை அவர்கள் இங்கே கொண்டுவந்தார்கள். 1994 பொங்கலுக்கு வந்த கமலின் 'மகாநதி' அந்த முறையில் தொகுக்கப்பட்டது. அதுவரை ஃபிலிம் துண்டுகளைக் கழுத்தில் மாலையாகத் தொங்கவிட்டு ஷாட் தேடிக்கொண்டிருந்த உதவி எடிட்டர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

கேமராவின் முறை பத்தாண்டு கழித்து வந்தது. அடையாறு ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டில் படித்த பி.சி. ஸ்ரீராம், தானே இயக்கிய 'வானம் வசப்படும்' படத்தை 2004-ல் டிஜிட்டலில் எடுத்தார். மறு ஆண்டு கமலின் 'மும்பை எக்ஸ்பிரஸ்'. இரண்டுமே காலத்தை முந்திய முயற்சிகள். டிஜிட்டலில் எடுத்தாலும் அன்றைய தியேட்டர்களுக்காக மறுபடி ஃபிலிமில் பிரிண்ட் போட்டாக வேண்டும் என்றால், மிச்சம்தான் என்ன?

அந்த முடிச்சையும் ரியல் இமேஜே அவிழ்த்தது. அதன் கியூப் புரொஜக்ஷன் முறை 2005 முதல் தியேட்டர்களுக்குள் நுழைந்தது. பிரிண்ட் செலவு விழுந்தது. சிற்றூருக்கும் முதல் நாளே புதுப் படம் போனது. 2009-ல் 'அச்சமுண்டு அச்சமுண்டு', 'உன்னைப்போல் ஒருவன்' இரண்டும் ரெட் ஒன் கேமராவில் வந்தபோது தயாரிப்பாளரிடம் யாரும் வாதாட வேண்டியிருக்கவில்லை. 2012-ல் கோடக் திவால் மனு கொடுத்தது. மறு ஆண்டு ஃபூஜி சினிமா ஃபிலிம் தயாரிப்பையே நிறுத்தியது.

ஃபிலிம்காரர்களுக்கும் ஒரு வெற்றி உண்டு. 1964-ல் ஃபிலிமில் எடுத்த பந்துலுவின் 'கர்ணன்', டிஜிட்டலில் சீர்செய்யப்பட்டு 2012 மார்ச்சில் மீண்டும் வந்தது. சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடியது.