பாய்லர் ஏன் நின்றது?

இன்னைக்கு ஒரு பாய்லரோட கதை. நம்ம டீக்கடை பாய்லர் இல்லை. பிரிட்டன்ல பெரும்பாலான வீடுகள்ல, சமையலறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி தொங்கும். கேஸ்ல ஓடும். குழாயில வெந்நீர் வர்றதும் அறைகள் சூடாகறதும் அதனாலதான்.

2022 டிசம்பர். ஆன்சைட் வேலைக்காக லீட்ஸ்ல நாலு பேர் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நல்ல உறைபனி வாரம். ஒருநாள் காலையில எழுந்தா வீடு ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கு. பாய்லர் திரையில ஏதோ ஒரு எரர் கோட். சாஃப்ட்வேர்காரன் என்ன செய்வான்? ரீசெட் பட்டனை அமுக்கினேன். கொஞ்சம் உறுமிட்டு நின்னுடுச்சு. மறுபடி அமுக்கினேன். பத்து தடவைக்கு மேல அமுக்கியிருப்பேன். அதுக்குள்ள ரூம்மேட், "மச்சான், ஜன்னல் எல்லாத்தையும் சாத்திட்டு கேஸ் அடுப்பு நாலையும் பத்த வச்சிடலாமா?"ன்னு கேட்டான். எனக்கும் அது நல்ல ஐடியாவாத்தான் பட்டது.

அது எவ்வளவு மோசமான ஐடியான்னு புரியணும்னா, பாய்லருக்கு நிக்கத் தெரியாத காலத்துக்குப் போகணும்.

விக்டோரியா காலத்து பிரிட்டிஷ் வீடுகள்ல நிலக்கரி அடுப்புக்குப் பின்னாடியே ஒரு இரும்புத் தொட்டி இருக்கும். அடுப்பு எரியும்போது அதில தண்ணி சூடாகும். கடுங்குளிர் வந்தா என்ன ஆகும்? குழாய்கள் உறைஞ்சு அடைச்சுக்கும். வீட்டுக்காரங்களுக்கு அது தெரியாது. காலையில வழக்கம்போல அடுப்பைப் பத்த வைப்பாங்க. தண்ணி நீராவியானா சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். வெளியேற வழி இல்லை. சமையலறையே வெடிக்கும். அடுப்புக்கு முன்னாடி நிக்கிற வேலைக்காரப் பெண்ணோ வீட்டுப் பிள்ளைகளோ பலியாவாங்க.

1882-ல் பிரிட்டன் பாய்லர் வெடிப்புச் சட்டம் கொண்டுவந்தது. பாய்லர் வெடிச்சா அரசுக்குத் தகவல் சொல்லணும், விசாரணை நடக்கலாம். ஆனா வீட்டு உபயோகத்துக்கு மட்டுமான பாய்லர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாதுன்னு அதிலேயே எழுதிட்டாங்க. ஆலையில வெடிச்சா விசாரணை, அடுப்படியில வெடிச்சா விதி.

அடுத்த ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. 1868-ல் லண்டன்ல பெஞ்சமின் வாடி மாகன்ங்கிற பெயின்டர், கேஸ்ல உடனடியா தண்ணி சூடாக்குற கருவி ஒண்ணைக் கண்டுபிடிச்சார். ஐஸ்லாந்தில் இருக்கும் வெந்நீர் ஊற்றின் பெயரை வச்சு அதுக்கு 'கீசர்'னு பேர். ஆமாங்க, நாம பாத்ரூம்ல மாட்டியிருக்கோமே, அதே கீசர்தான். மாகனோட கருவியில புகைபோக்கி கிடையாது. எரிஞ்ச வாயு குளியலறைக்குள்ளேயே சுத்தும். காற்று போதாம கேஸ் எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு வரும். நிறமோ வாசனையோ இல்லாத வாயு அது. தலைவலிக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான். காற்றோட்டம் இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் ஓடி உயிர் போன செய்தி இன்னைக்கும் இந்தியாவில வருது.

இந்தக் கதையில எனக்குப் பிடிச்ச ஹீரோ தெர்மோகப்பிள். ரெண்டு வேற வேற உலோகங்களை ஒட்டி, முனையைச் சுடர்ல வச்சா ரொம்பச் சின்ன மின்சாரம் வரும். அந்த மின்சாரம்தான் கேஸ் வால்வைத் திறந்து பிடிச்சு வச்சிருக்கு. சுடர் அணைஞ்சா மின்சாரம் நிக்கும், ஸ்பிரிங் வால்வை மூடிடும். அதாவது, மூடியிருக்கறதுதான் அதோட இயல்பு நிலை. நெருப்பு இருக்குன்னு நிரூபிச்சுக்கிட்டே இருந்தாத்தான் கேஸ் வரும். இப்போதைய பாய்லர்கள் எலெக்ட்ரானிக் முறையில அதையே செய்யுது. சில தடவை முயற்சி பண்ணும், சுடர் நிக்கலைன்னா பூட்டிக்கும். அதுதான் நான் பார்த்த எரர் கோட்.

யார் கை வைக்கலாம்ங்கிற விதி இன்னும் மெதுவா வந்தது. 1968 மே 16, கிழக்கு லண்டன்ல ரோனன் பாயின்ட்னு ஒரு 22 மாடிக் குடியிருப்பு. ஒரு அம்மா காலையில டீ போட தீக்குச்சி உரசினாங்க. அடுப்புக்கு கேஸ் வர்ற இணைப்பில கசிவு. வெடிச்சதுல கட்டடத்தோட ஒரு மூலையே சரிஞ்சது, 4 பேர் இறந்தாங்க. அதுக்கப்புறம் 1970-ல் கேஸ் மெக்கானிக்குகளுக்கான கோர்கி பதிவேடு வந்தது. ஆனா பதிவு கட்டாயமானது 1991-லதான். 2009 ஏப்ரல்ல இருந்து அந்த வேலையை கேஸ் சேஃப் பதிவேடு பார்க்குது.

சரி, லீட்ஸுக்கு வருவோம். 2005-ல இருந்து இங்கிலாந்தில புதுசா மாட்டுற கேஸ் பாய்லர், புகையில இருக்கிற நீராவியைக் குளிரவச்சு அந்தச் சூட்டையும் எடுக்குற வகையா இருக்கணும்னு விதி. கேஸ் மிச்சமாகும். ஆனா குளிர்ந்த நீராவி தண்ணியாகுது, அது ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியா வெளியே போகணும். 2010 டிசம்பர், நூறு வருஷத்தில் மிகக் குளிரான டிசம்பர். அப்போ நாடு முழுக்க அந்தக் குழாய்கள் உறைஞ்சு, பாய்லர்கள் நின்னுபோச்சு. எங்க வீட்டிலயும் அதேதான். வீட்டுக்காரர் அனுப்பின மெக்கானிக் ஒரு ஜக் வெதுவெதுப்பான தண்ணியை வெளிக்குழாய் மேல ஊத்தினார், ஒருமுறை ரீசெட் அமுக்கினார். ஓடிடுச்சு.

கவனிச்சீங்களா? அன்னைக்கும் குழாய் உறைஞ்சது, வீடு வெடிச்சது. இன்னைக்கும் குழாய் உறைஞ்சது, பெட்டி தானா நின்னுடுச்சு. நடுவுல ஒன்றரை நூற்றாண்டு.

அதனால அங்க இருக்கிற நண்பர்களுக்கு: பாய்லர் நின்னா முதல்ல எரர் கோடைப் படிங்க. கேஜ்ல அழுத்தம் 1 பாருக்குக் கீழேயான்னு பாருங்க. பனிநாள்னா வெளிக்குழாயைப் பாருங்க. கொதிநீர் ஊத்தாதீங்க, வெதுவெதுப்பு போதும். ரீசெட் ஒண்ணு ரெண்டு தடவை, அதுக்கு மேல வேண்டாம். மூடியைத் திறக்காதீங்க, அது பதிவு பெற்றவர் வேலை. வாடகை வீடுன்னா பழுது பார்க்கறதும், வருஷத்துக்கு ஒருமுறை கேஸ் சோதனை செய்யறதும் வீட்டுக்காரர் பொறுப்பு, கூச்சப்படாம கேளுங்க. கேஸ் வாசனை வந்தாலோ கார்பன் மோனாக்சைடு அலாரம் அடிச்சாலோ, வெளியே போய் 0800 111 999-க்கு போன் பண்ணுங்க. அடுப்பைப் பத்த வச்சுக் குளிர் காயவே காயாதீங்க.

நாங்க அன்னைக்குப் பத்த வைக்கலை. புத்திசாலித்தனம்லாம் இல்லை, லைட்டர் கிடைக்கலை. அவ்வளவுதான் வித்தியாசம்.