முன்பக்கக் கொக்கி

1978ஆம் வருஷம். மல்லேஸ்வரத்தில் வாடகை வீடு. எங்கள் மூத்த பெண் பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. என்னைப் போலவே என் மனைவியும் மத்திய அரசு ஊழியர். அப்போது பிரசவ விடுப்பு 90 நாட்கள்தான். (1997இல் அது 135 நாட்களாகவும், 2008இல் 180 நாட்களாகவும் ஆயிற்று. எங்களுக்கு இரண்டும் உதவவில்லை.) மறுநாள் அவள் வேலையில் சேர வேண்டும். இரவு பத்து மணிக்கு அவளும் என் தாயாரும் உஷா தையல் மெஷினின் அருகில் உட்கார்ந்து, கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்குக் கடையில ரெண்டு வாங்கிக்கப்படாதா? எதுக்கு ராத்திரியில கண்ணைக் கெடுத்துக்கறேள்?" என்றேன்.

"கடைக்காரன் பால் குடுக்கறவாளை நெனச்சுண்டா தைக்கறான்?" என்றாள் அம்மா, தலை நிமிராமல்.

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் முதுகுப் பக்கம் கொக்கி வைத்த ரவிக்கை நாகரிகம். என் மனைவியின் கல்யாண ரவிக்கைகள் எல்லாம் அப்படித்தான். கைக்குழந்தை பசித்து அழும்போது முதுகில் கையை வளைத்துக் கொக்கி தேடுவதை நம் வாசகிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. நான் மூன்று மாதம் பக்கத்திலேயே இருந்தும் இதைக் கவனிக்கவில்லை என்பதை இப்போது சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

ரவிக்கையின் சரித்திரத்தைப் பார்த்தால், முன்பக்கத் திறப்பு புதியதல்ல. கொக்கியும் பித்தானும் பரவுவதற்கு முன்பு நம் பாட்டிமார்கள் அணிந்தது முடிச்சு ரவிக்கை. இரண்டு முனைகளையும் மார்புக்குக் கீழே இழுத்து முடிந்துகொள்வார்கள். உடம்பு இளைத்தாலும் பெருத்தாலும் முடிச்சு அனுசரித்துப் போகும். குழந்தைக்குப் பால் கொடுக்க முடிச்சை அவிழ்த்தால் போதும். மேலே மடிசார்ப் புடவையின் தலைப்பு மறைவு. வங்காளத்தில் தாகூர் குடும்பத்து ஞானதானந்தினி தேவி 1860களில் புடவையோடு ரவிக்கை அணியும் புதுப் பாணியைப் பரப்பியதைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு. முடிச்சு ரவிக்கையைப் பற்றி யார் எழுதினார்கள்? (நம் சமூகத்திலேயே கைம்பெண்களுக்கு அந்த ரவிக்கையும் மறுக்கப்பட்டது. என் பாட்டி ஒருத்தி கடைசிவரை அப்படியே இருந்தாள்.)

மெஷினுக்கு வருவோம். எலியாஸ் ஹோவ் 1846இலும் ஐசக் சிங்கர் 1851இலும் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்கள். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்துத்தான் சிங்கர் மெஷினை உண்டாக்கினார் என்று 1924இல் காந்திஜி குறிப்பிட்டிருக்கிறார். இயந்திரங்களை எதிர்த்தவர் இந்த ஒன்றுக்கு விலக்கு அளித்தார். ஆனால் அந்தக் கதை ஹோவுக்குத்தான் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். சிங்கரின் குடும்ப வாழ்க்கை அவ்வளவு அன்யோன்யமானதல்ல!

நான் ஸயன்ஸ் படித்தவன். ஆனாலும் மெஷின் தையலின் தத்துவம் எனக்குப் புரிந்தது அன்றிரவுதான். அரிசி மூட்டையின் வாயில் போட்டிருப்பது சங்கிலித் தையல். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் மளமளவென்று பிரிந்துவிடும். வீட்டு மெஷினில் மேல் நூலும், அடியில் பாபினிலிருந்து வரும் நூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று பின்னிக்கொள்கின்றன. ஓரிடத்தில் அறுந்தாலும் மற்ற இடம் சட்டென்று விடாது. கெட்டியான தையல், அதனாலேயே பிரிப்பது கஷ்டம்.

அம்மா இதற்கு ஓர் உபாயம் வைத்திருந்தாள். கல்யாண ரவிக்கைகளையும் தைத்தவள் அவள்தான். பக்கவாட்டில் ஓர் அங்குலம் துணியை உள்ளே விட்டு, மூன்று வரி தைத்திருந்தாள். துணியின் ஓரத்தை ஒட்டிய வரி நெருக்கமான தையல். உள்வரிகள் இரண்டும் நீளத் தையல், பிரிப்பதற்கென்றே போட்டவை. அவற்றைப் பிரித்தால் ஒவ்வொரு துண்டிலும் அரை அங்குலம் கிடைக்கும். இரு பக்கமும் முன் துண்டு, பின் துண்டு ஆக நான்கு. மொத்தம் இரண்டு அங்குலம். கல்யாணத்தின்போதே "துணி வீண்" என்று நான் கணக்குச் சொன்னது ஞாபகம் வந்தது.

அன்று முதுகைக் கொக்கியில்லாமல் மூடித் தைத்து, முன்பக்கத்தை நடுவில் வெட்டி, இரு புறமும் பட்டி வைத்துக் கொக்கி மாற்றினார்கள். பட்டிக்கு நவராத்திரி வெற்றிலை பாக்கில் வந்த ரவிக்கைத் துணி. கலர் பொருந்தவில்லை. "தலைப்பு மறைச்சுடும்மா" என்றாள் என் மனைவி. நான்கு ரவிக்கைகள் முடிய இரவு ஒன்றரை மணி.

மத்தியானம் ஒரு மணி இடைவேளையில் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, பால் கொடுத்துவிட்டு ஓடுவாள். 1961ஆம் வருஷத்துப் பிரசவ உதவிச் சட்டத்தில், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை தாய்க்குத் தினம் இரண்டு இடைவேளை கூடுதலாகத் தர வேண்டும் என்று இருந்தது. இன்று அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்ந்திருக்கிறது. இவ்வளவு வருஷம் ஸர்வீஸில் இருந்து எத்தனையோ விடுப்பு மனுக்களில் கையெழுத்திட்ட நான், அப்படி ஓர் இடைவேளை கேட்டு ஒரு பெண் எழுதிய மனுவைப் பார்த்ததில்லை.

எங்கள் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தபோது பாலூட்டுவதற்கென்றே ஜிப் வைத்த குர்த்தா கடையில் கிடைத்தது. பீன்யாவிலும் மைசூர் ரோடிலும் உள்ள ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் பெண்களே தைக்கிறார்கள். அதுவும் அங்கே தைத்ததாக இருக்கலாம். தோள் சரியாக இல்லையென்று அதையும் பிரித்தாள், பாட்டியின் மெஷினில். பாபின் டப்பாவைத் திறந்தபோது, அடியில் ஒரு காகிதப் பொட்டலத்தில் முதுகிலிருந்து எடுத்த பழைய கொக்கிகள் இருந்தன.